ரமீஜா சுக்கானுக்கு மாத்திரை கொடுத்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. திருக்கோகர்ணத்திலிருந்து கீரனூருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இது தானாக வந்து என் மடியில் விழுந்தது. சத்தத்தோடு விழுந்தது.

ரமீஜா வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள். காதோரம் வைத்துக் கேட்கலாம் என்று அமுக்கினேன். ஸ்பீக்கரில் போய்விட்டது.

“முழுங்கிருச்சுடீ! ஏடி சொர்ணம், முழுங்கிருச்சுடீ! யா அல்லா, முழுங்கிருச்சு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டு அம்மா பதறிப்போய், “எந்தப் புள்ள? என்னத்த முழுங்குச்சு?” என்றார். கண்டக்டர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். “ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சொல்லுங்கம்மா, வண்டிய ஓரங்கட்டச் சொல்றேன்.”

“ஒண்ணுமில்லைங்க. நாய்” என்றேன்.

“நாயையா முழுங்கிருச்சு?”

அதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். ஐந்து வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை எழுதுவது இத்தனை சிரமம் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“கோட்டைப்பட்டினத்துக் கடல் அன்று காய்ச்சல்காரனைப் போல முனகிக்கொண்டு…”

(நிறுத்திவிட்டேன். கடலுக்கு ஒரு நோயும் இல்லை. நோய் நாய்க்குத்தான்.)

இரண்டாவது: “ரமீஜாவுக்கு நாய் என்றாலே ஆகாது.” இதைப் போனில் அவளுக்கே படித்துக் காட்டினேன்.

“யாரு சொன்னா? எனக்கு நாயி நல்லா ஆகும். தொட மாட்டேன், அம்புட்டுத்தான். ஒனக்குப் பக்கத்து வீட்டுக்காரரப் பிடிக்கும்ல, அதுக்காக அவரத் தொடவா செய்யிற?”

அதுவும் போயிற்று. ஆகவே தொடக்கமே இல்லாமல் நேராகச் சொல்கிறேன்.

ரமீஜாவும் நானும் புதுக்கோட்டையில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. படிப்பு முடிந்ததும் அவள் கோட்டைப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். கணவர் மீரா சாகிபுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். வீடு கடலோரத்துக் கடைசித் தெரு. கொல்லைக் கதவைத் திறந்தால் மணல்.

படகை ஓட்டுகிறவர் செபமாலை. தனிக்கட்டை. அவர் வளர்க்கிற நாய்தான் சுக்கான். பழுப்பு நிறம், ஒரு காது நிமிராது. படகு கடலுக்குப் போய்விட்டால் திரும்பி வரும்வரை சுக்கான் ரமீஜாவின் கொல்லையில் கிடக்கும். அவள் பூவரச இலையில் மீன் தலையும் சோறும் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நிற்பாள். அது சாப்பிடும். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறேழு வருடமாக இந்த நாலடி இடைவெளியில்தான் இருவருக்கும் உறவு.

(ஒரு குறிப்பு. நாயின் எச்சிலோ ஈரமோ மேலே பட்டால் அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. ரமீஜா வீட்டில் கடைப்பிடிக்கிற முறை அது. இதை அடிக்குறிப்பாக எங்கோ கீழே தள்ளியிருந்தேன். “ஏன் ஒளிச்சு வைக்கிற? நடுவுல எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.)

3

வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் பக்கத்து விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். செபமாலை கேரளத்துப் படகுகளுக்கு வேலைக்குப் போவார். இந்த வருடமும் பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்து நின்றார்.

“அக்கா, சுக்கானுக்கு ரெண்டு கவளம் போடுங்க. வேற தொந்தரவே குடுக்காது.”

“போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்றாள் ரமீஜா. அவளுக்கு அது ஒரு பேச்சே இல்லை. எப்போதும் போடுகிற சோறுதானே.

செபமாலை போன சில நாளில், காலையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சுக்கான் பக்கவாட்டில் விழுந்தது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. கண் எங்கோ போய்விட்டது. அவள் போட்ட கூச்சலில் தெருவே கொல்லைக்கு வந்தது. யாரோ “வெறி புடிச்சிருச்சு, கிட்டப் போகாதீங்க!” என்று கத்தினார்கள். இன்னொருவர் கையில் துடுப்புக் கட்டை இருந்தது.

மீரா சாகிபு ஒரு நல்ல காரியம் செய்தார். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து வீடியோ பிடித்தார். சுக்கான் கொஞ்ச நேரத்தில் அடங்கி, தள்ளாடி எழுந்து, தொட்டித் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது. ரமீஜா “சுக்கான்” என்று கூப்பிட்டதும் வாலை ஆட்டியது. எல்லாம் அந்த வீடியோவில் இருந்தது.

அதே வாரம் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடக் கால்நடை டாக்டர் பிரகதீஸ்வரி தெருவுக்கு வந்தார். ரமீஜா வழியிலேயே மறித்து வீடியோவைக் காட்டினாள். டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். நாயையும் நன்றாகச் சோதித்தார்.

“வெறி ஊசி போட்டிருக்காங்களா?”

“செபமாலை வருசா வருசம் தவறாமப் போடுவாரு டாக்டர். எதை விட்டாலும் அதை விட மாட்டாரு.”

“அப்ப பயப்படாதீங்க. இது வலிப்பு. மனுசங்களுக்கு வர்ற மாதிரிதான். காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. விட்டுவிட்டுக் குடுத்தா முன்னவிட மோசமாயிரும்.”

“எத்தனை நாளைக்குக் குடுக்கணும்?”

“அது இருக்கிற வரைக்கும்.”

பிறகு மாத்திரை கொடுக்கும் விதத்தைச் சொன்னார். மேல்தாடையைப் பிடித்து அண்ணாக்கத் தூக்கி, நாக்கின் அடியோரத்தில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவிவிட வேண்டும். மூக்கை நக்கினால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். வலிப்பு வரும் நேரத்தில் மட்டும் வாய்ப்பக்கம் கையே போகக் கூடாது.

ரமீஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “தாடையாவது, நாக்காவது! சோத்துக்குள்ள வச்சுக் குடுத்தாப் போச்சுன்னு நெனச்சேன்டி” என்றாள் என்னிடம்.

4

இனி வருவது போர். பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற மாதிரி எழுத ஆசைதான். ஆனால் ரமீஜாவின் வார்த்தையை மிஞ்ச முடியவில்லை.

“மொத நாளு சாளை மீனுக்குள்ள வச்சேன். மீனத் தின்னுட்டு மாத்திரைய மட்டும் எலையில வச்சிட்டுப் போயிருச்சு. வச்சிட்டுப் போச்சுடி, துப்பல. நம்ம வெத்தலைத் தட்டுல பாக்கு வைப்போமே, அப்படி.”

அடுத்த நாள் இடியாப்பம். இடியாப்பம் போயிற்று, மாத்திரை நின்றது. ஆப்பத்தில் சுருட்டி, நெய்யில் புரட்டி, வாழைப்பழத்தில் சொருகிப் பார்த்தாள். பொடி பண்ணித் தயிரில் கலக்கினாள். சுக்கான் ஒரு தடவை மோந்துவிட்டு, தயிரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. “நீயுமா என்னய ஏமாத்துற” என்பது போலப் பார்த்தது என்று…

(இல்லை. நாய் அப்படி நினைத்ததா என்று எனக்குத் தெரியாது. ரமீஜாவுக்கு அப்படிப் பட்டது, அதை மட்டும் எழுதுகிறேன்.)

பெருநாளைக்கு மட்டும் கிண்டுகிற அல்வாவைக் கூடக் கிண்டினாள். சுக்கான் அல்வாவைச் சாப்பிட்டது. மாத்திரை வழுவழுவென்று நெய் மினுக்கத்தோடு இலையில் கிடந்தது.

“அவுக வந்து, ‘எனக்குக் கிண்டச் சொன்னா ஏலக்கா இல்லம்பே, நாயிக்குக் கிண்டுறியா’ன்னு ஒரே சண்டை. மிச்சத்த அவுகதான் தின்னாக.”

பிறகு மீரா சாகிபே களத்தில் இறங்கினார். வலை இழுக்கும் கையுறை, தலையில் துண்டு, முட்டிவரை மடித்துக் கட்டிய கைலி. “ஆம்பளைக செய்யிற வேலை இது” என்றாராம். சுக்கான் மேலுதட்டை லேசாகத் தூக்கி, ஒரே ஒரு பல்லைக் காட்டியது. அவர் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

(இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லி அவரே எனக்குப் போன் செய்தார். எடுத்துவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். அண்ணன் மன்னிக்க வேண்டும். இதை எடுத்தால் கதையில் சிரிக்க ஒன்றும் இருக்காது.)

இதில் பெரிய நஷ்டம் ஒன்று நடந்தது. சுக்கான் அவள் வைக்கிற எதையுமே சாப்பிடாமல் ஆகிவிட்டது. இலையைப் பார்த்தாலே எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. ஆறேழு வருடத்து நம்பிக்கை ஒரு மாத்திரையில் போயிற்று என்று அவள் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

5

இப்போது ஒரு ஆளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவன் பெயர் அறிவுச்செல்வன்.

நடந்தது இது. மாத்திரை சரியாக உள்ளே போகாததால் சுக்கானுக்கு மறுபடி வலிப்பு வந்தது. இந்தத் தடவை ஏலக்கூடத்தில். விசைப்படகு ஓடாத நாளிலும் நாட்டுப்படகு மீன் ஏலம் நடக்கும். காலை நேரம், கூட்டம், மீன் வாங்க வந்த பெண்கள், குழந்தைகள். நடுவில் நாய் விழுந்து நுரை தள்ளுகிறது. ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சிலர் கட்டையை எடுத்தார்கள்.

ரமீஜாவுக்குச் சேதி போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். நாய்க்கு முன்னால் நின்றாள். எதிரில் மீனவர் சங்கத்து அறிவுச்செல்வன்.

“அக்கா, தள்ளிக்கங்க.”

“இது வெறி இல்லப்பா, வலிப்பு. டாக்டரம்மா பாத்துச் சொல்லியிருக்காங்க.”

“மாத்திரை குடுக்கிறதாத்தானே பாய் சொன்னாரு? குடுத்தா ஏன் வருது?”

ரமீஜா திரும்பிச் சுக்கானைப் பார்த்தாள்.

“தின்ன மாட்டேங்குது” என்றாள்.

“அப்ப நாளைக்குக் காலையில வாரேன். என் கண்ணு முன்னாடி அது மாத்திரை திங்கணும். இல்லேன்னா ஆள வச்சுப் பிடிச்சுக் கொண்டுபோய் எங்கிட்டாவது விட்டுருவோம். புள்ளைக நடமாடுற எடம்க்கா.”

பிடித்துக்கொண்டு போவது என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். துரத்தும்போதே கட்டை விழும்.

என் முதல் பிரதியில் அறிவுச்செல்வனுக்குப் பெரிய மீசை வைத்திருந்தேன். சிவந்த கண். பேசும்போது வெற்றிலைச் சாறு தெறிக்கும். ரமீஜா கேட்டுவிட்டுக் கோபப்பட்டாள்.

“அவன் மூஞ்சியில மீசையே சரியா மொளைக்கல. ஏன் அவனக் கெட்டவனாக்குற? அவன் சின்னப் பையனா இருக்கயில அவங்க சித்தப்பா வெறிநாய் கடிச்சுத்தான் மவுத்தானாரு. தண்ணி தண்ணின்னு கேட்டு, தண்ணியப் பாத்து அலறுனாராம். இவன் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டு நின்னானாம். எனக்கே அவுக சொல்லித்தான் தெரியும்.”

மீசையை அடித்துவிட்டேன். கண்ணையும் வெற்றிலையையும் அடித்துவிட்டேன். இப்போது அவன் யாரென்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பயந்த ஆள் ஒருவன், மற்றவர்களுக்கும் சேர்த்துப் பயப்படுகிறவன். அவ்வளவு தெரிந்தால் போதும் என்று மேலே போகிறேன்.

6

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எழுதுகிற ஆசை முழுக்க இங்கே வந்து கொட்டியது.

“அன்றிரவு ரமீஜா உறங்கவில்லை. ஒரு பக்கம் மார்க்கம், மறுபக்கம் ஒரு வாயில்லா ஜீவன். அவளுடைய நெஞ்சுக்குள் இரண்டு கடல்கள் மோதின. கண்ணீர்…”

“நிறுத்து நிறுத்து” என்றாள் போனில். இருமல் வரும்வரை சிரித்தாள். “நான் நல்லாத் தூங்குனேன்டி. காலையில அவன் வருவான், வேலை கெடக்குன்னு சீக்கிரமே படுத்துட்டேன்.”

“உனக்கு உள்ளுக்குள்ள ஒரு போராட்டமும் இல்லையா?”

“என்ன போராட்டம்? கை பட்டாக் கழுவணும்னு மார்க்கம் சொல்லியிருக்கு. எப்படிக் கழுவணும்னும் அதுவே சொல்லிக் குடுத்திருக்கு. கழுவினாப் போச்சு. எனக்குப் பயமெல்லாம் அதோட பல்லப் பாத்துத்தான்.”

இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவள் சொன்னதையே எழுதுகிறேன்.

காலையில் கொல்லையில் சுக்கான் சுவரோரம் படுத்திருந்தது. ரமீஜா இலை வைக்கவில்லை. சோறு, மீன் எதுவும் எடுத்துவரவில்லை. மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராகப் போய், நாலடியைத் தாண்டி, அதன் முன்னால் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுக்கான் திகைத்து எழுந்து உட்கார்ந்தது. இத்தனை பக்கத்தில் அவளை அது பார்த்ததே இல்லை.

“இங்க பாரு” என்றாள். கையை விரித்து மாத்திரையைக் காட்டினாள். “இதுதான். அல்வாக்குள்ள இருந்ததும் இதுதான், மீனுக்குள்ள இருந்ததும் இதுதான். இனி ஒளிச்சு வைக்க மாட்டேன். கசக்கத்தான் செய்யும். முழுங்கணும்.”

(நாயிடம் இப்படிப் பேசினாயா என்று கேட்டேன். “பின்ன யாருகிட்டப் பேசுறது?” என்றாள்.)

கொல்லைக் கதவு வழியாக வந்து அறிவுச்செல்வன் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பின்னால் சாக்கும் கயிறுமாக இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு. மீரா சாகிபு வாசற்படியில் நின்று, “ரமீஜா, விரலு பத்திரம்” என்றார்.

அவள் இடது கையால் மேல்தாடையைப் பிடித்தாள். ஈரமாக, சூடாக இருந்ததாம். உள்ளே முழுக்கக் கடல் வாடை. வாய் திறந்தது. மாத்திரையைப் போட்டாள், கையை அவசரமாக இழுத்துக்கொண்டாள். சுக்கான் துப்பியது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி போட்டாள். சுக்கான் வாயை மூடிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தது. “போயிருச்சு!” என்று மீரா சாகிபு கத்தினார். அப்போது சுக்கான் தலையைச் சாய்த்து, கன்னத்து ஓரத்திலிருந்து மாத்திரையை எடுத்து, அறிவுச்செல்வனின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தது.

அறிவுச்செல்வன் குனிந்தான். மாத்திரையை எடுத்துத் துடைத்தான். எச்சில் பட்ட பாதி கரைந்த மாத்திரை. சாக்கு வைத்திருந்தவர்களைக் கூப்பிடப் போகிறான் என்றுதான் ரமீஜா நினைத்தாளாம். அவன் முட்டிபோட்டு உட்கார்ந்து, அதை அவள் கையில் கொடுத்தான்.

“இன்னும் உள்ளாற போடுங்கக்கா. கையப் பயந்து பயந்து எடுக்குறீங்க.”

“கடிச்சிருமோன்னு இருக்குப்பா.”

“கடிக்கிறதா இருந்தா இந்நேரம் கடிச்சிருக்கும்.”

சொன்னவன் அவன்தான். சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் தன் பேச்சைக் கேட்டு நின்றான் என்று ரமீஜா சொல்கிறாள். இது நானாகச் சேர்த்தது இல்லை.

மூன்றாவது தடவை ரமீஜா அவசரப்படவில்லை. விரல் இரண்டும் உள்ளே போய் நாக்கின் அடியோரத்தைத் தொட்டன. வைத்தாள். வாயை மூடினாள். மூடிப் பிடித்தபடியே மற்றக் கையால் தொண்டையைத் தடவினாள், மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. சுக்கான் அவள் முகத்தையே பார்த்தது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. கையை விட்டாள். நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு சுற்றுச் சுற்றியது.

அப்போது அனுப்பியதுதான் எனக்கு வந்த அந்தக் குரல். போனைப் பிடித்துக்கொண்டது மீரா சாகிபு. பின்னால் கேட்கும் இரைச்சல் அந்தத் தெரு முழுக்கக் கைதட்டுகிற சத்தம்.

“உள்ள போயிருச்சா? நெசமாவா?” என்று அறிவுச்செல்வன் நாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தானாம். பிறகு சாக்குக்காரர்களைப் பார்த்து, “நீங்க போங்கப்பா, சோலியப் பாருங்க” என்றான்.

ரமீஜா இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிபம்புக்கு வந்தாள். அவளே பம்பை அடித்துக்கொண்டு கழுவ முடியாது. அறிவுச்செல்வன் போய்ப் பம்பைப் பிடித்தான். சுவரோரமாக, கால் படாத இடத்திலிருந்து சுத்தமான மண் அள்ளிவந்து கொடுத்ததும் அவன்தான். அவள் கழுவக் கழுவ அவனே சத்தமாக எண்ணினான். ஏழு வந்ததும், “சரியா இருக்காக்கா, இல்ல இன்னொண்ணு அடிக்கவா?” என்று கேட்டான்.

“போதும்ப்பா” என்றாள். இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடிக்க மூன்று விதம் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் சுக்கான் செத்துப்போகிறது. நல்ல கதை என்றால் கடைசியில் ஏதாவது சாக வேண்டும் என்று எனக்கு ஒரு பழக்கம். எழுதிய அன்றே கிழித்தேன். ரமீஜாவுக்குப் படித்துக் காட்டும் தைரியமே வரவில்லை.

இரண்டாவதில் நோய் அடியோடு குணமாகிவிடுகிறது. அது பொய். நடுவில் ஒரு தடவை லேசாக வலிப்பு வந்தது, அதுவும் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில். கட்டை எடுக்க யாரும் குனியவில்லை. அறிவுச்செல்வன் கையை விரித்து ஆட்களை விலக்கி, “வலிப்புதான், வலிப்புதான், காத்து விடுங்க. வாய்ப்பக்கம் யாரும் கை வைக்காதீங்க” என்றானாம். டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். அதன் பிறகு வரவில்லை.

மூன்றாவதில் செபமாலை திரும்பி வருகிறார், சுக்கான் அவரோடு ஓடுகிறது, ரமீஜா கொல்லைக் கதவில் தனியாக நிற்கிறாள். இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செபமாலை நிஜமாகவே திரும்பி வந்து இதைக் கெடுத்துவிட்டார்.

சுக்கான் அவர் மேல் விழுந்து புரண்டது உண்மை. அவர் அழுததும் உண்மை. சாயங்காலம் அவர் மாத்திரையை எடுத்தார். சுக்கான் துப்பியது. மறுபடி துப்பியது. பிறகு நேராக ரமீஜாவின் கொல்லைக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து, தானாகவே மூக்கைத் தூக்கிக் காட்டியது.

“எங்கிட்ட வாங்க மாட்டேங்குதுக்கா” என்று பின்னாலேயே வந்த செபமாலைக்கு முகம் சின்னதாகிவிட்டது.

“நான் படிச்ச மாதிரி நீங்களும் படிங்க” என்றாள் ரமீஜா. “கூடமாட நிக்கிறேன். எனக்கும் ஊருக்கு, விசேசத்துக்குப் போக வேணாமா?”

அந்தப் பாடம்தான் இப்போது நடக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரமீஜா வீடியோ காலில் வந்தாள். செபமாலை மணலில் உட்கார்ந்திருக்கிறார். சுக்கான் எதிரில். மீரா சாகிபு போனைப் பிடித்திருக்கிறார், படம் ஆடுகிறது. “இன்னும் உள்ளாற, இன்னும் உள்ளாற” என்று அறிவுச்செல்வனின் குரல் எங்கிருந்தோ கேட்கிறது. செபமாலை வாயை மூடித் தொண்டையைத் தடவுகிறார். ரமீஜா குனிந்து பார்க்கிறாள், நிமிர்கிறாள், கேமராவைப் பார்த்துத் திரும்புகிறாள்…

படம் நின்றுவிட்டது. அவர்கள் தெருவில் டவர் அப்படித்தான்.

திரையில் ரமீஜா இருக்கிறாள். இரண்டு கையும் மேலே போயிருக்கின்றன. வாய் அகலத் திறந்திருக்கிறது. செபமாலையைத் திட்டத் திறந்த வாயா, வேறு எதற்காவது திறந்த வாயா என்று சொல்ல முடியவில்லை. போன் செய்து கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கேட்கப் போவதில்லை. போனை மேஜைமேல் அப்படியே நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், நீங்களும் ஒரு தடவை அந்த முகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவள் என்ன கத்துகிறாள் என்று நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள். பஸ்ஸில் இருந்தாலும் பரவாயில்லை.